அம்மிக்கல் பேசிய கதை

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதத்துக்குப் பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். குனியாதே, தலைக்குத் தண்ணீர் விடாதே, டிவி பார்க்காதே என்று வீட்டில் ஒரே கெடுபிடி. சொட்டு மருந்து விடுவதற்கென்றே உன் தங்கச்சி செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு என்னைத் துரத்தினாள். இப்போது பரவாயில்லை. எதிர்வீட்டு மாடியில் காயும் வேட்டியின் கரை என்ன நிறம் என்பதுவரை தெரிகிறது. சின்னவளுக்குப் பெங்களூருக்கு மாற்றலாகிவிட்டது. வீடு வெறிச்சென்று கிடப்பதால் படிக்க நேரம் நிறையவே இருக்கிறது.

நீ அனுப்பிய வீடியோவை உன் முகத்துக்காக முழுசாகப் பார்த்தேன். மயன் என்கிற தமிழ்ச் சிற்பி கப்பலேறிப் போய் மத்திய அமெரிக்காவில் பிரமிடு கட்டினான், அதனால்தான் அந்த ஜனங்களுக்கு மாயா என்று பேர் வந்தது என்று ஒருவர் கண்ணை உருட்டி உருட்டிப் பேசுகிறார். பேர் ஒத்துப்போவதைத் தவிர அவர் கையில் வேறு சரக்கில்லை. அந்தக் கோயில்களைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் குவாத்தமாலாவிலும் மெக்சிகோவின் யுகத்தானிலும் மாயா மொழிகளைப் பேசிக்கொண்டு லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் வாசலில் போய் நின்று, 'இதை உங்க தாத்தா கட்டலை, எங்க தாத்தா கட்டினார்' என்று சொல்வது என்ன நியாயம்? மாயா பஞ்சாங்கப்படி 2012இல் உலகம் அழியும் என்று கிளப்பிவிட்டார்களே, அந்த விவகாரமும் அப்படித்தான். அவர்களுடைய நெடுங்கணக்கு என்கிற நாள் கணக்கு கி.மு. 3114இல் ஆரம்பிக்கிறது. 2012 டிசம்பர் 21 அதில் ஒரு பெரிய சுற்று முடியும் நாள், அவ்வளவே. பலங்கே என்ற பழைய மாயா ஊரின் கல்வெட்டு ஒன்று கி.பி. 4772 வரைக்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. உலகம் முடியப்போகிறது என்று நினைத்தவன் அதற்கப்புறம் வரும் நாளுக்கு எதற்குக் கணக்குப் போடுகிறான்?

இதையெல்லாம் விட்டுத் தள்ளு. கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று கேட்டிருந்தாயே, 'நெஞ்சைப் பிளந்து இதயத்தைப் பிடுங்கின கூட்டம்தானே, அவங்க சாமி கதையில படிக்க என்ன இருக்கு' என்று. அதற்குத்தான் இத்தனை பக்கம் எழுத உட்கார்ந்தேன்.

போபோல் வூ என்று ஒரு நூல் இருக்கிறது. குவாத்தமாலா மலைப்பகுதியில் வாழும் கீச்சே மாயா மக்களுடையது. அதில் படைப்புக் கதை வருகிறது. ஆரம்பத்தில் கடலும் வானமும் மட்டும்தான். தண்ணீருக்குள் இறகுகள் போர்த்தியபடி குக்குமாட்ஸ் என்ற இறகுப் பாம்பு. மேலே ஹுராகான், வானத்தின் இதயம் என்று அவனுக்குப் பேர். இரண்டு பேரும் கலந்து பேசி 'பூமி' என்கிறார்கள், பூமி வந்துவிடுகிறது. இதுவரைக்கும் எல்லா ஊர்க் கதை மாதிரிதான். ருசி இதற்கு அப்புறம்தான். இந்தச் சாமிகளுக்கு ஒரு தேவை இருக்கிறது. தங்கள் பேரைச் சொல்ல ஆள் வேண்டும், நாள் தவறாமல் நினைக்க ஆள் வேண்டும், உணவு வைக்க ஆள் வேண்டும். அதற்காகத்தான் படைப்பே.

முதலில் மிருகங்களைப் படைத்து, 'எங்கள் பேரைச் சொல்லுங்கள்' என்கிறார்கள். ஒன்று கத்துகிறது, ஒன்று ஊளையிடுகிறது, ஒன்றுக்கும் பேச வரவில்லை. சரி, உங்கள் இறைச்சியை மற்றவர்கள் தின்னட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அடுத்து மண்ணைப் பிசைந்து ஒரு மனிதன். அவனால் தலையைத் திருப்ப முடியவில்லை, முகம் ஒரு பக்கமாகச் சரிகிறது, என்னமோ பேசுகிறான், அர்த்தமில்லை. தண்ணீர் பட்டதும் கரைந்து போகிறான். கடவுளர்கள் கலங்கிப்போய்க் குறி கேட்கப் போகிறார்கள் மாப்ளே! ஷ்பியாகோக், ஷ்முகானே என்று ஒரு கிழவனும் கிழவியும். அவர்கள் சோளத்தையும் சிவப்பு விதைகளையும் பரப்பிப் பார்த்து, 'மரத்தில் செய்யுங்கள்' என்று சொல்கிறார்கள். அந்தச் சிவப்பு விதை எது தெரியுமா? நம் வேலியில் நிற்குமே கல்யாண முருங்கை, அதே குடும்பத்து மரத்தின் விதை. அந்த மலையில் குறி சொல்கிறவர்கள் இன்றைக்கும் அதை வைத்துத்தான் நாள் எண்ணுகிறார்கள்.

மர மனிதர்கள் வந்தார்கள். பேசினார்கள், பிள்ளை பெற்றார்கள், பூமி நிறையப் பெருகினார்கள். ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. ரத்தம் கிடையாது, முகம் வறண்டு கிடக்கும், படைத்தவனை நினைக்கவே மாட்டார்கள். சாமிகள் முடிவு கட்டினார்கள். வானத்திலிருந்து பிசின் மழை கொட்டுகிறது, வெள்ளம் வருகிறது. ஆனால் அவர்களை முடித்துக்கட்டியது வெள்ளம் மட்டுமில்லை. அவர்கள் வீட்டுச் சாமான்கள்.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சோளம் அரைக்கும் அம்மிக்கல் வாய் திறக்கிறது. 'தினம் தினம், விடிஞ்சா அடைஞ்சா, ஹோலி ஹோலி, ஹுகி ஹுகி என்று எங்கள் முகத்தை அரைத்தீர்களே, இப்போது உங்களை நாங்கள் அரைக்கிறோம்' என்கிறது. நாய் பேசுகிறது: 'நீங்கள் சாப்பிடும்போது நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்களை அடிக்கப் பக்கத்தில் கம்பு வைத்திருந்தீர்கள். எங்களுக்குப் பேச வராது என்றுதானே? இப்போது எங்கள் பல்லைப் பாருங்கள்.' பானையும் ரொட்டிக் கல்லும், 'எங்களை நெருப்பில் வைத்து முகத்தையெல்லாம் கரியாக்கினீர்கள், உங்களைச் சுடுகிறோம் வாருங்கள்' என்று பாய்கின்றன. அடுப்புக் கற்கள் நெருப்பிலிருந்து கிளம்பி மண்டையில் வந்து மோதுகின்றன. கூரைமேல் ஏறினால் வீடு இடிகிறது, மரத்தில் ஏறினால் மரம் உதறிவிடுகிறது, குகைக்குள் ஓடினால் வாய் மூடிக்கொள்கிறது. தப்பிய மிச்சம்தான் குரங்குகளாம். சாமிக்குச் செய்த குற்றத்தைவிட நாய்க்கும் அம்மிக்கும் செய்த குற்றம் பெரிதாகக் கேட்கிறது, கவனித்தாயா? நன்றி கெட்டவன் எல்லாரிடமும்தான் நன்றி கெட்டிருப்பான் என்று கதை சொன்னவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசியில்தான் சோளம். ஷ்முகானே மஞ்சள் சோளத்தையும் வெள்ளைச் சோளத்தையும் ஒன்பது தடவை அரைக்கிறாள். (சோளம் என்றால் நம் கம்பு, சோளம் இல்லை, மக்காச்சோளம்.) அந்த மாவில் நான்கு ஆண்கள். இந்தத் தடவை வேறு சிக்கல். அவர்கள் ரொம்ப நன்றாக அமைந்துவிட்டார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து மலைக்கு அப்பால், கடலுக்கு அப்பால், வானத்தின் விளிம்புவரை எல்லாம் தெரிகிறது. 'எங்களுக்கு எல்லாம் தெரிகிறது, ரொம்ப நன்றி' என்று வேறு சொல்கிறார்கள். சாமிகளுக்கு வயிற்றைக் கலக்குகிறது. இவர்களும் நம்மைப் போல் ஆகிவிட்டால்? முகம் பார்க்கும் கண்ணாடியில் மூச்சுவிட்டால் மங்குமே, அந்த மாதிரி அவர்கள் கண்ணை மங்கலாக்கிவிடுகிறார்கள். அதிலிருந்து மனிதனுக்குக் கிட்டே இருப்பது மட்டும்தான் தெரியும். புரையோடு மாசக்கணக்கில் காலம் தள்ளியவனுக்கு இந்த வரி எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார்.

நீ கேட்ட இதய விஷயத்துக்கு வருகிறேன். அதே நூலில் ஷிபால்பா என்று ஒரு பாதாளம் வருகிறது. அங்கே ஆளுகிறவர்கள் நோய்களும் சாவும்தான். பந்தாட்டத்துக்கு என்று கூப்பிட்டு ஒருவனைக் கொன்று, தலையைக் காய்க்காத மரத்தில் மாட்டி வைக்கிறார்கள். மரம் உடனே சுரைக்காய் போல் உருண்டை உருண்டையாகக் காய்க்கிறது. ஷ்கிக் என்ற பாதாளத்துப் பெண் வேடிக்கை பார்க்க வருகிறாள். மண்டையோடு அவள் உள்ளங்கையில் எச்சில் துப்புகிறது. அவள் கர்ப்பமாகிறாள். அப்பன்காரன் ஆந்தைகளைக் கூப்பிட்டு, 'இவள் இதயத்தை அறுத்துக் கொண்டு வாருங்கள்' என்கிறான். அவள் ஆந்தைகளோடு பேசிச் சமாளித்து, சிவப்புப் பால் வடியும் ஒரு மரத்தின் பிசினை உருட்டி இதயம் போலக் கிண்ணத்தில் வைத்து அனுப்பிவிடுகிறாள். நெருப்பில் போட்டதும் அந்த வாசனையில் பாதாள ராஜாக்கள் சொக்கிப் போகிறார்கள். அவள் மேலே வந்து இரட்டைப் பிள்ளை பெறுகிறாள். அந்தப் பையன்கள் ஹுனாப்பூவும் ஷ்பாலன்கேயும் வளர்ந்து பாதாளத்துக்குப் போய், சூதுக்குச் சூது செய்து ஜெயிக்கிறார்கள். முதல் காரியமாக ஒரு கொசுவை அனுப்பி ராஜாக்களை வரிசையாகக் கடிக்க வைக்கிறார்கள். ஒவ்வொருத்தனும் 'ஆ' என்று கத்த, பக்கத்தில் இருப்பவன் 'என்னப்பா இன்னாரே?' என்று பேர் சொல்லி விசாரிக்க, எல்லார் பேரும் வெளியே வந்துவிடுகிறது. முதல் இரண்டு பேர் மட்டும் கத்தவில்லை, அவை மரப் பொம்மைகள்! ஜெயித்தபின் பையன்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள்: இனிமேல் ஷிபால்பாவுக்கு இதயம் கிடையாது, மரப் பிசின்தான்.

அதற்காக அவர்களை அகிம்சைவாதி ஆக்கவும் நான் தயாரில்லை. அதே நூலின் பின்பாதியில் டோஹில் என்ற சாமி குளிரில் நடுங்கும் ஜனங்களுக்கு நெருப்புக் கொடுக்கிறான். பதிலுக்கு உங்கள் விலாவையும் அக்குளையும் எனக்குத் தருவீர்களா என்று கேட்கிறான். அர்த்தம் புரியாமல் அவர்கள் தலையாட்டுகிறார்கள். அர்த்தம், நெஞ்சைப் பிளப்பதுதான். ஒரே நூலுக்குள் இரண்டும் இருக்கிறது.

உனக்கு ஒரு தனிச் செய்தி. ஸ்பானியர் வருவதற்கு முன் மெக்சிகோவை ஆண்ட ஆஸ்டெக்குகளின் பெரிய கோயிலைத் திரும்ப உலகத்துக்குக் காட்டியது உன் துறை ஆட்கள். 1978 பிப்ரவரியில் மெக்சிகோ நகரத்தில், கதீட்ரலுக்குப் பின்னால், மின்சாரக் கம்பெனித் தொழிலாளர்கள் பள்ளம் தோண்டும்போது கடப்பாரை கல்லில் இடித்தது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் மூன்றேகால் மீட்டர் அகலத்தில் ஒரு வட்டக் கல். தலை வேறு, கை வேறு, கால் வேறாகக் கிடக்கும் ஒரு பெண். கன்னத்தில் சலங்கை. கோயோல்ஷாவ்கி என்ற தெய்வம். நீ முப்பது வருஷம் கேபிள் பதிக்கத் தோண்டினாயே, உனக்கு என்ன கிடைத்தது? மெட்ரோ வாட்டர் பைப்பு!

கதை இது. கோவாட்லிக்வே என்ற அம்மா மலைமேல் கோயிலைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது வானத்திலிருந்து ஒரு இறகு உருண்டை விழுகிறது. எடுத்து மடியில் செருகுகிறாள், கர்ப்பமாகிறாள். மூத்த மகள் கோயோல்ஷாவ்கி, இது குடும்பத்துக்கு அவமானம் என்று தம்பிகளைத் திரட்டிக்கொண்டு அம்மாவைக் கொல்ல வருகிறாள். வயிற்றில் இருக்கும் வீட்சிலோபோச்ட்லி ஆயுதத்தோடேயே பிறந்து அக்காவை வெட்டி மலையிலிருந்து உருட்டிவிடுகிறான். ஆஸ்டெக்குகளுக்கு அந்தப் பெரிய கோயில்தான் அந்த மலை. கல் கிடந்தது அவன் சன்னிதிப் படிக்கட்டின் அடியில். மேலே பலியானவர்களின் உடலை அதே படி வழியாகத்தான் உருட்டிவிடுவார்கள். கதை அங்கே ஒவ்வொரு தடவையும் திரும்ப நடக்கும். 2015இல் அதே பகுதியில் மண்டையோடுகளை அடுக்கிய கோபுரம் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். 600க்கும் மேற்பட்ட மண்டையோடுகள், பெண்களும் குழந்தைகளும் உட்பட. ஸ்பானியர்கள் மிகைப்படுத்தினார்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஏன் என்று அவர்களையே கேட்டால் வேறொரு கதை சொல்வார்கள். இப்போதிருக்கும் சூரியன் ஐந்தாவது சூரியன். முந்தைய நான்கும் அழிந்துபோயின. தியோதிவாகான் என்ற பழைய நகரத்தில், இருட்டில் எல்லாத் தெய்வங்களும் கூடி, சூரியனாக யார் நெருப்பில் குதிப்பது என்று கேட்டார்கள். பகட்டான தெக்குசிஸ்தெகாட்ல் நான்கு தடவை ஓடி வந்து நான்கு தடவையும் பின்வாங்குகிறான். உடம்பெல்லாம் புண் பிடித்த நானாவாட்சின் கண்ணை மூடிக்கொண்டு குதித்துவிடுகிறான். வெட்கம் தாங்காமல் மற்றவனும் பின்னால் குதிக்க, இரண்டும் ஒரே பிரகாசமாக வருகின்றன. ஒரு தெய்வம் முயலை எடுத்து இரண்டாவதன் முகத்தில் வீசுகிறது. மங்கிப்போய் அது நிலவாகிறது. நிலவில் முயல் இருப்பதாக நம் புலவர்கள் பாடியது உனக்கு ஞாபகம் வரும். ஆனால் சூரியன் வந்ததே தவிர நகரவில்லை. மற்ற தெய்வங்கள் எல்லாம் உயிரைக் கொடுத்த பிறகுதான் நகர்கிறது. ஆக, முதலில் ரத்தம் கொடுத்தது அவர்கள். மனிதன் பட்ட கடனைத் திருப்பிக் கட்டுகிறான். கணக்கு எனக்குப் புரிகிறது. கட்டியது யாருடைய ரத்தம் என்று பார்த்தால்தான் நெஞ்சு ஒப்பவில்லை. சிறைபிடித்து வந்தவன், விலைக்கு வாங்கியவன். பெருவை ஆண்ட இன்காக்களும் நரபலி கொடுத்தவர்கள்தான். 1999இல் அர்ஜென்டினா எல்லையில் யுயாயாகோ எரிமலையில், 6,739 மீட்டர் உயரத்தில், பனியில் உறைந்த மூன்று குழந்தைகளைக் கண்டெடுத்தார்கள். தூங்குவது மாதிரி இருக்கிறார்கள். பெரிய பெண்ணின் தலைமுடியைச் சோதித்ததில், கடைசி ஒரு வருஷம் கோக்கா இலையும் சோள மதுவும் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்தப் படத்தை நான் ஒருமுறைக்கு மேல் பார்க்கவில்லை.

இதெல்லாம் நம் கைக்கு எப்படி வந்தது என்பது தனிக் கதை. 1562 ஜூலையில் யுகத்தானில் மானி என்ற ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் மாயா ஏடுகளைக் குவித்துக் கொளுத்தினார். எல்லாம் பொய்யும் பிசாசு வேலையும் என்பதால் எரித்தோம், அவர்கள் ரொம்ப வருத்தப்பட்டார்கள் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். இன்று உலகம் முழுக்க மிஞ்சியிருப்பது நான்கே ஏடுகள். அந்த மனிதரே மாயா எழுத்துகளைப் பற்றியும் குறிப்பு எழுதினார். 1952இல் லெனின்கிராடில் உட்கார்ந்து யூரி க்னோரோசோவ் என்ற ரஷ்ய அறிஞர் மாயா எழுத்தைப் படிக்க வழி கண்டது அந்தக் குறிப்பை வைத்துத்தான். எரித்தவனே திறவுகோலையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

பெருவில் ஃபிரான்சிஸ்கோ தெ அவிலா. வாரோசிரி மலைப்பகுதியில் பங்குப் பாதிரியார். ஊர்க்காரர்களே அவர்மேல் வழக்குப் போட்டார்கள். அவர் பதிலுக்கு, இவர்கள் ரகசியமாகப் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறார்கள் என்று கிளம்பினார். 1609 டிசம்பரில் லிமா சதுக்கத்தில் தெய்வச் சிலைகளையும் முன்னோர்களின் பதப்படுத்திய உடல்களையும் எரித்தார். அவர் வைத்திருந்த காகிதங்களுக்குள்தான் அந்த மலைத் தெய்வங்களின் கதைகள் அந்த ஊர் ஜனங்களின் கெச்சுவா மொழியிலேயே கிடைத்தன. துப்புத் துலக்க வைத்திருந்த காகிதம்! அதில் ஒரு சின்ன அத்தியாயம், சூரியன் ஐந்து நாள் செத்துப்போன கதை. அந்த இருட்டில் என்ன நடந்தது தெரியுமா? உரலும் அம்மியும் மனிதர்களைத் தின்ன ஆரம்பித்தன, சுமை தூக்கும் லாமா மிருகங்கள் மனிதர்களை ஓட்டிக்கொண்டு போயின. படிக்கும்போது எனக்குப் புல்லரித்துவிட்டது. குவாத்தமாலாவுக்கும் பெருவுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். பெருவின் வட கடற்கரையில், இன்காக்களுக்கு வெகுகாலம் முந்திய மோச்சே மக்களின் கோயில் சுவரிலும் கை கால் முளைத்த ஆயுதங்கள் மனிதனைத் துரத்தும் ஓவியம் இருந்தது. இதற்கெல்லாம் ஒரு மயன் கப்பலில் வந்திருக்கத் தேவையில்லை மாப்ளே. அவர்களுக்குள்ளேயே கதை நடந்து போயிருக்கலாம். அல்லது ராத்திரி அடுப்படியில் தனியாக உட்கார்ந்து யோசிக்கிற எவனுக்கும் தோன்றியிருக்கலாம்.

போபோல் வூ தப்பியதும் அதிசயம்தான். 1524இல் பேத்ரோ தெ அல்வராதோ என்ற ஸ்பானியத் தளபதி கீச்சே அரசர்களை உயிரோடு எரித்துத் தலைநகரையும் கொளுத்தினான். முப்பது வருஷம் கழித்து, அந்தக் குலத்தில் மிஞ்சியவர்கள் பேர் போடாமல், ஸ்பானியர் கற்றுத்தந்த லத்தீன் எழுத்தில் தங்கள் மொழியில் கதையை எழுதி வைத்தார்கள். ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்: கிறிஸ்தவம் வந்துவிட்ட இந்தக் காலத்தில் இதை எழுதுகிறோம், பழைய நூலைப் பார்க்க இனி வழியில்லை என்பதால் எழுதுகிறோம். வாரோசிரிக் காகிதத்தின் முதல் வரியும் அதே தொனிதான், எங்கள் முன்னோர்களுக்கு எழுத்து தெரிந்திருந்தால் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை இப்படி மறைந்து போயிருக்காது என்று. நினைக்க ஆள் வேண்டும் என்று மூன்று தடவை தோற்று நான்காவது தடவை மனிதனைச் செய்த தெய்வங்களின் கதையை, நினைக்க ஆளில்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில் எழுதியிருக்கிறார்கள். இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த நூல் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. அவர்கள் எழுதிய மூலப்பிரதி போய்விட்டது. 1700களின் தொடக்கத்தில் சீச்சிகஸ்தெனாங்கோ ஊரில் பாதிரியாராக இருந்த ஃபிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் அதைப் பார்த்து, ஒரு பக்கம் கீச்சே, மறுபக்கம் ஸ்பானிஷ் என்று பிரதி எடுத்தார். அந்தப் பிரதிதான் இப்போது சிகாகோ நூலகம் ஒன்றில் இருக்கிறது. ஹிமேனெஸ் யாரையும் எரிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், எல்லாப் பாதிரியாரையும் ஒரே கூடையில் போடாதே.

அந்த சீச்சிகஸ்தெனாங்கோவில் சந்தை வியாழனும் ஞாயிறும். சாந்தோ தொமாஸ் தேவாலயத்தின் படிக்கட்டில் மாயாக்காரர்கள் சாம்பிராணி போன்ற கோபால் பிசினைப் புகைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்களாம். நாள் பார்க்கிறவர்கள் 260 நாள் பஞ்சாங்கத்தை இன்றும் விடாமல் எண்ணுகிறார்கள். குவாத்தமாலா வரை போகிற செலவில் பாதிதான் நம் பென்ஷனில் தேறும், அதனால் போவோமா என்று உன்னைக் கேட்கப்போவதில்லை. ஆனால் கார்த்திகைக்கு நீ ஊருக்கு வரும்போது என்னிடம் இருக்கும் போபோல் வூ புத்தகத்தைக் கையில் தருவேன். அந்தக் கொசு வருகிற அத்தியாயத்தையாவது படித்துவிட்டு அப்புறம் என்னோடு சண்டைக்கு வா.

ஈரோட்டில் வெயில் எப்படி? உன் முட்டிவலிக்கு அந்த எண்ணெய் கேட்கிறதா, இல்லை மறுபடி டாக்டரிடம் போனாயா? உன் வீட்டில் இருக்கும் என் தங்கச்சியிடம், போன தடவை கொடுத்துவிட்ட மாகாளிக் கிழங்கு ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல், மற்றதை அவள் புரிந்துகொள்வாள். பேரனுக்கு நீட் ரிசல்ட் வந்ததும் ஒரு வரி போடு.

அன்புடன்,
ராஜு